புதியது வந்ததால் பழையது பழுதாகலாமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நமக்கு முன்னர்ப் பேசிய அன்பர்கள் குறளின் பெருமையையும் சிலம்பின் சிறப்பையும் எடுத்துரைத்தனர். நமக்கு அளிக்கப்பட்ட பொருளோ கணிப்பொறியைப் பற்றியது. இலக்கிய மேடையில் இயந்திரப் பேச்சு ஏற்குமா என்று சிலர் ஐயுறலாம். ஆயினும், சுரங்கத்தின் ஊதல் கேட்டுக் கண் விழித்த ஊர் நம் கோலார் தங்கவயல். சிவசமுத்திரத்து அருவியிலிருந்து கம்பி வழியே மின்சாரம் வந்து 1902ஆம் ஆண்டிலேயே நம் சுரங்கங்களை இயக்கிற்று. நாட்டின் பெருநகரங்கள் பல அகல் விளக்கை நம்பியிருந்த காலம் அது. ஆகவே இயந்திரத்தைப் பற்றிப் பேச இந்த மேடையைவிடத் தகுந்த இடம் வேறு இல்லை என்றே கருதுகிறோம்.

நாம் இரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவர். பொறியியல் கற்றவர் அல்லோம். படித்தும், அறிந்தவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதையே இங்கே எடுத்து வைக்கிறோம். பொறியியல் அறிந்த இளைஞர்கள் இந்த அவையில் பலர் உள்ளனர். அவர்களுக்கு இது தெரிந்த செய்தியாக இருக்கலாம். ஆயினும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இது தெரியவேண்டும் என்பதே நம் அவா.

நாம் பேசப்போகும் நோய் எது? நேற்று வேலை செய்த கருவி இன்று வேலை செய்யவில்லை. அதை யாரும் கீழே போடவில்லை, தண்ணீரில் நனைக்கவில்லை, எலி கடிக்கவுமில்லை. இரவோடு இரவாகக் கணிப்பொறி தன்னைப் ‘புதுப்பித்து’க் கொண்டது, காலையில் பிரிண்டர் அச்சிட மறுக்கிறது, அல்லது காமிரா கண் திறக்க மறுக்கிறது. கருவியில் பழுதில்லை. அதனோடு பேசவேண்டிய நிரலில்தான் மாறுதல். முன்னேற்றத்துக்காகச் செய்த மாறுதலே பின்னடைவாக முடிந்தது. இதனை அத்துறையினர் ‘ரிக்ரெஷன்’ என்பர். நாம் ‘பின்னடைவு’ என்றே வழங்குவோம்.

இது செல்வந்தர் வீட்டுச் சிறுதொல்லை என்று எண்ணிவிட வேண்டா. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். அதற்கென ‘ஜீவன் பிரமாண்’ என்னும் முறை 2014 நவம்பரில் தொடங்கப்பட்டது. விரல் ரேகையைப் பதிந்து சான்று பெறுவது அதன் வழிகளில் ஒன்று. அந்த ரேகைக் கருவி கணிப்பொறியோடு இணைவது யு.எஸ்.பி. கம்பியினால்தான். ஒரு சேவை மையத்தில் நாம் கண்டதைச் சொல்கிறோம்: கணிப்பொறி புதுப்பிக்கப்பட்ட மறுநாள் ரேகைக் கருவி அடங்கிவிட்டது. காத்திருந்த மூதாட்டி தன் விரலையே குற்றவாளியாகக் கருதி, சேலைத் தலைப்பால் மீண்டும் மீண்டும் துடைத்துக்கொண்டிருந்தார். “பாட்டி, உங்கள் விரலில் குற்றமில்லை, இதில்தான் கோளாறு” என்று சொல்லுவார் அங்கே ஒருவருமில்லை. இயந்திரம் தவறினாலும் எளியவரே தலைகுனிய வேண்டியிருக்கிறது. ஆகையினால்தான் இதனை ஊரார் அனைவரும் அறிய வேண்டிய பொருள் என்கிறோம்.

முதலில் யு.எஸ்.பி. என்பது யாது என்று பார்ப்போம். முற்காலக் கணிப்பொறியில் தட்டச்சுப் பலகைக்கு ஒரு துளை, பிரிண்டருக்கு ஒரு துளை, மோடத்துக்கு மற்றொரு துளை என இருந்தன. ஒன்றின் முளை மற்றொன்றில் பொருந்தாது. இந்தத் தொல்லையை ஒழிக்கப் பல நிறுவனங்கள் ஒன்றுகூடி வகுத்த பொதுமுறையே யு.எஸ்.பி. ஆகும். அதன் முதல் பதிப்பு 1996 சனவரியில் வெளியாயிற்று. அப்பணியில் முன்னின்றவர்களில் ஒருவர் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட் என்னும் இந்தியர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 2000ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பு, நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தில் செய்தி கடத்த வல்லதாயிற்று. அவ்வேகக் கருவிகளை ‘ஹை ஸ்பீட்’ வகை என்பர்.

பொதுமுறையின் அருமை இரயில் ஊராராகிய நமக்குத் தெரியாததன்று. 1894இல் நம் சுரங்கத்துக்கு வந்தது அகலப்பாதை. பவுரிங்பேட்டை என்று அந்நாளில் வழங்கிய பங்காருப்பேட்டையிலிருந்து கோலாருக்குச் சென்றதோ குறுகிய பாதை. ஒரே நிலையம், ஆயினும் இந்தப் பாதையின் வண்டி அந்தப் பாதையில் ஓடாது. மூட்டைகளை இறக்கி மறுபடியும் ஏற்றவேண்டும். பிற்காலத்தில் கோலார்ப் பாதையும் அகலப்பாதை ஆக்கப்பட்ட பிறகே அந்தத் தொல்லை நீங்கிற்று. கணிப்பொறி உலகில் அத்தகைய அகலப்பாதையாக அமைந்ததே யு.எஸ்.பி.

ஆனால் பாதை ஒன்றானால் மட்டும் போதுமா? வண்டியை ஓட்டுவார் வேண்டுமே! கணிப்பொறிக்கும் கருவிக்கும் இடையே நின்று, ஒன்றன் மொழியை மற்றொன்றுக்குச் சொல்லும் சிறு நிரலுக்கு ‘டிரைவர்’ என்றே பெயர். பொருத்தமான பெயர்தான். நம் சுரங்கத்து வைண்டிங் எஞ்சின் டிரைவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் கூண்டில் நிற்கும் ஆட்களை அவர் கண்ணால் காண்பதில்லை. அவர் காதில் விழுவது மணியோசை ஒன்றே. இத்தனை அடித்தால் ஏற்று, இத்தனை அடித்தால் நிறுத்து என்று முன்னரே வகுத்த குறிகளை நம்பியே அவர் கைப்பிடியைத் திருப்புவார். ஒரு நாள் மேலேயுள்ளவர், “இனி மணிக்குறியை மாற்றுகிறோம்; இது முன்னதைவிட விரைவானது” என்று முடிவு செய்து, கீழேயுள்ளவர்களுக்கு அறிவிக்காமல் இருந்தால் என்ன நேரும்? எண்ணவே நடுக்கம் உண்டாகிறது அன்றோ? டிரைவரை மாற்றுவோர் செய்வதும் இத்தகைய வேலையே. மேலேயுள்ள நிரலை மாற்றலாம். ஆனால் பத்தாண்டுக்கு முன் தொழிற்சாலையில் செய்து விற்கப்பட்ட கருவியின் உள்ளே எழுதியிருக்கும் குறியைப் பெரும்பாலும் மாற்ற இயலாது. அது தான் கற்ற பழைய மணியோசைக்கே செவிசாய்க்கும்.

இனி, நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுவோம். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது அது. இன்று உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கானோர் கூடி வளர்ப்பது. ஆண்ட்ராய்டு தொலைபேசி ஒவ்வொன்றின் அடித்தளத்திலும் இருப்பது அதுவே. அதன் உட்கருவை ‘கெர்னல்’ என்பர். யு.எஸ்.பி. கருவிகளை வரவேற்று அமரச்செய்யும் வேலையும் அந்தக் கெர்னலினுடையதே.

அந்த வரவேற்பு எவ்வாறு நடைபெறுகிறது? ஒரு கருவியைச் செருகியவுடன் கணிப்பொறிக்கு, “யாரோ வந்திருக்கிறார்” என்பது மட்டுமே தெரியும். வந்தவர் இன்னார் என்பது தெரியாது. இனம், உற்பத்தியாளர் எண், பொருள் எண் ஆகியவை அடங்கிய 18 பைட் நீளமுள்ள சிறு குறிப்பு ஒன்று கருவியினுள் இருக்கும். அதைக் கேட்டுப் பெறவேண்டும். இதற்கு இரண்டு முறைகள் உண்டு. ‘பழைய முறை’யில் கருவியை ஒருமுறை உலுக்கித் தொடக்க நிலைக்குக் கொணர்ந்து, உடனே அதற்கு ஒரு முகவரி எண் கொடுத்து, பின்னர் அதன் குறிப்பைக் கேட்பர். ‘புதிய முறை’யிலோ முகவரி கொடுக்கு முன்னரே, “64 பைட் அளவுக்கு உன் குறிப்பைச் சொல்” என்று கேட்டு, மறுபடியும் ஒருமுறை உலுக்கி, அதன் பின்னரே முகவரி கொடுப்பர். விண்டோஸ் நெடுங்காலம் கையாண்டது இந்தப் புதிய முறையையே. கருவி செய்வோர் பலர் தம் கருவி விண்டோஸில் இயங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்கு அனுப்பியவர்கள். ஆகவே ஏட்டில் இருந்தது ஒரு சட்டம். நாட்டில் நிலவியது ஒரு வழக்கம். லினக்சும் அந்த வழக்கத்தை மதித்து, புதிய முறையை முதலில் முயன்று, அது பலிக்காவிடில் பழைய முறைக்குச் செல்லும் ஒழுங்கை வைத்திருந்தது.

பின்னர் ஒருவர் ஒரு யோசனை கூறினார். ஹை ஸ்பீட் கருவிகளுக்கு மட்டும் பழைய முறையை முதலில் முயன்றால் என்ன? இருமுறை உலுக்குவதற்குப் பதிலாக ஒருமுறை உலுக்கினால் போதும்; சற்று நேரம் மிச்சமாகும். மேலும், விண்டோஸ் 8 முதலாக அதுவும் இவ்வாறுதான் செய்கிறது. இந்த வாதத்தில் குறை காண்பது அரிது. நோக்கமும் நல்லது. மாற்றம் ஏற்கப்பட்டது. இலட்சக்கணக்கான கருவிகள் எந்தத் தடையுமின்றி ஓடவும் செய்தன.

ஆனால் சோனி வையோ மடிக்கணிப்பொறி வைத்திருந்த ஒருவருக்கு மட்டும் தொல்லை வந்தது. அதனுள் பொருத்தப்பட்டிருந்த ரிக்கோ நிறுவனக் காமிரா பழைய முறையில் விளித்தபோது வாய் திறக்கவில்லை. வாய் திறவாததோடு நின்றதா? இல்லை. அது அப்படியே மரத்துப்போய், பின்னர்ப் புதிய முறையில் அழைத்தபோதும் பதில் சொல்லவில்லை. மின்சாரத்தை முழுதும் நிறுத்தித் தொடங்கினாலன்றி அது தெளியவில்லை. “முதல் முறை தோற்றால் இரண்டாம் முறை இருக்கிறதே” என்று மாற்றம் செய்தவர்கள் கருதியிருக்கலாம். அந்த இரண்டாம் வழியையும் முதல் தவறே அடைத்துவிட்டது. நஞ்சு கொடுத்த பின் மருந்து கொடுப்பது போலாயிற்று.

அவர் காமிராவைக் குப்பையில் எறியவில்லை. என்ன நேர்ந்தது என்று எழுதி முறையிட்டார். லினக்சின் யு.எஸ்.பி. பகுதியில் பல்லாண்டு உழைத்துவரும் ஆலன் ஸ்டெர்ன் அதனை ஆராய்ந்தார். 2020 ஏப்ரலில் அந்த மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. மீண்டும் புதிய முறையே முதலிடம் பெற்றது. அந்த மாதம் எத்தகையது என்பதை நினைவூட்ட வேண்டுவதில்லை. ஊரடங்கினால் உலகமே வீட்டினுள் அடைபட்டு, பிள்ளைகள் பாடம் கேட்பதும் பெரியவர்கள் வேலை பார்ப்பதும் அந்தச் சிறிய காமிராக் கண்ணின் வழியாகவே நடந்த காலம்!

இங்கே அறிவுடையோர் ஒரு வினா எழுப்பலாம். “ஒரு காமிராவுக்காக ஊரெல்லாம் பயன் பெற்ற மாற்றத்தை விலக்குவதா? அந்தக் காமிராவுக்கு மட்டும் விலக்கு அளித்தால் போதாதா?” நல்ல வினா. அத்தகைய விலக்குப் பட்டியல் கெர்னலில் உண்டு. அதனைக் ‘குவர்க்ஸ்’ பட்டியல் என்பர். கோணல் குணமுள்ள கருவிகளின் பட்டியல் என்று கொள்ளலாம். ஹெச்.பி. நிறுவனத்தின் 5300 வகை ஸ்கேனரிடம் அதன் பெயரை ஒரேயடியாக 255 பைட் அளவில் கேட்கலாகாது என்று அதில் எழுதியிருக்கிறது. லாஜிடெக்கின் சி920 காமிராவையும், கார்சேர் நிறுவனத்தின் கே70 ஆர்.ஜி.பி. தட்டச்சுப் பலகையையும் தொடக்கத்தில் சற்று மூச்சுவிட விட்டுப் பிறகு பேசவேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள், யாருக்குக் காரம் ஆகாது, யாருக்குப் புளி ஆகாது என்று நினைவில் வைத்திருப்பதைப் போன்றது இது.

ஆனால் வையோ காமிராவுக்கு அந்த வழி உதவாது. ஏன்? பட்டியலைப் பார்க்க வேண்டுமானால் வந்தவரின் பெயர் தெரியவேண்டும். பெயரைக் கேட்கும் கட்டத்திலேயே தகராறு நேர்ந்துவிட்டது! யார் என்று அறியுமுன்னரே எப்படி அழைப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். அறிமுகமில்லாத ஒருவரிடம் முதற்சொல் பேசும்போது, எவர்க்கும் தீங்கு தராத சொல்லைத் தேர்வதே முறை. அது சற்று மெதுவான சொல்லாயினும் அதுவே தக்கது. அந்தத் தீர்ப்பில் இருந்த நியாயம் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. சற்று நேர மிச்சம் பெரும்பாலோர்க்கு ஒரு சிறு வசதி; பேசாத காமிரா ஒருவர்க்கு முழு இழப்பு. இவ்விரண்டையும் தராசில் வைத்து எண்ணிக்கையால் மட்டும் நிறுக்கலாகாது.

இதன் பின்னே டோர்வால்ட்ஸ் நெடுங்காலமாக வற்புறுத்திவரும் ஒரு கொள்கை உண்டு. முன்பதிப்பில் ஒழுங்காக இயங்கியது புதுப்பதிப்பில் நின்றுபோனால், குற்றம் பயன்படுத்துவோருடையது அன்று, கெர்னலுடையது. மாற்றியவர் திருத்த வேண்டும். திருத்த இயலாவிடில் மாற்றத்தைத் திரும்பப் பெறவேண்டும். “உன் கருவி சட்டப்படி செய்யப்படவில்லை” என்று சொல்லித் தப்பிக்க இயலாது. உலகில் எத்தனை அலுவலகங்களில் இந்த நீதியைக் காண்கிறோம்? படிவத்தை மாற்றியவர்கள் பழைய படிவத்தோடு வந்தவரையே கடிந்துகொள்வதைத்தானே பெரிதும் காண்கிறோம்!

சரி, எந்த மாற்றம் கெடுத்தது என்று எவ்வாறு கண்டுபிடிப்பது? ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய கெர்னல் வெளிவருகிறது. ஒவ்வொன்றிலும் பொதுவாகப் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும். அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஆயுள் போதாது. இதற்கு ஓர் எளிய உபாயம் இருக்கிறது. கணக்கு எழுதுவோர் அனைவரும் அறிந்த உபாயமே அது. மாதக் கணக்கில் ஐந்து ரூபாய் இடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தேதி இருப்புச் சரி. முப்பதாம் தேதி இருப்புத் தவறு. என்ன செய்வோம்? பதினைந்தாம் தேதி இருப்பைப் பார்ப்போம். அது சரியானால் தவறு பிற்பாதியில், தவறானால் முற்பாதியில். அந்தப் பாதியையும் பாதியாக்குவோம். நான்கைந்து முறையில் கெட்ட நாள் அகப்பட்டுவிடும். நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் இடையே 14,000 மாற்றங்கள் இருப்பினும், இவ்வாறு பாதி பாதியாகப் பிரித்தால் 14 சோதனைகளில் குற்றவாளியான ஒரே மாற்றம் கையில் சிக்கும். டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’ என்னும் நிரலில் இதற்கென்றே ‘பைசெக்ட்’ என்னும் கட்டளை இருக்கிறது. இதற்குப் பெரிய பட்டம் வேண்டுவதில்லை. பொறுமை வேண்டும், கண்டதை உள்ளவாறு எழுதும் நேர்மை வேண்டும்.

முறையிட்டவரைக் கொண்டே திருத்தத்தைச் சோதிக்கச் செய்வதும் அங்கே வழக்கம். பழுது அவர் வீட்டில்தானே இருக்கிறது! சோதித்துச் “சரியாயிற்று” என்று அவர் சொன்ன பின், முறையிட்டவர் இன்னார், சோதித்தவர் இன்னார் என்று அவருடைய பெயரும் அந்தத் திருத்தத்தின் அடியில் நிலையாகப் பதிவு பெறுகிறது. ஒரு வரி நிரல் எழுதாதவரும், “எனக்கு இது நின்றுவிட்டது” என்று தெளிவாகச் சொன்ன காரணத்தால், அதை ஆக்கியவரோடு ஒரே ஏட்டில் இடம் பெறுகிறார். இது நம்மைக் கவர்ந்த செய்தி.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரத்தில் எஃப்.டி.டி.ஐ. என்னும் நிறுவனம் இருக்கிறது. பழைய வகைத் தொடர் இணைப்புக் கருவிகளை யு.எஸ்.பி.யோடு பிணைக்கும் சில்லு அதன் சிறப்புச் சரக்கு. அளவுமானிகள், தொழிற்கூடக் கருவிகள் எனப் பலவற்றிலும் அது உண்டு. அதைப் போலவே போலிச் சில்லுகளும் சந்தையில் மலிந்தன. 2014 அக்டோபரில் விண்டோஸ் புதுப்பிப்பின் வழியே பரவிய அந்நிறுவனத்தின் புதிய டிரைவர், போலிச் சில்லு எனக் கண்டால் அதனுள் எழுதியிருக்கும் பொருள் எண்ணைப் பூச்சியமாக மாற்றி எழுதிவிட்டது. பெயரிழந்த சில்லை அதன் பின்னர் அந்த டிரைவர் அடையாளம் காணவில்லை. தன் பெயரைக் காத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு, அதை மறுப்பாரில்லை. ஆனால் தண்டனை பெற்றவர் யார்? போலியைச் செய்தவர் அல்லர், அறியாமல் வாங்கியவர். கடும் எதிர்ப்பு எழவே, அந்த மாதத்திலேயே அப்புதுப்பிப்பு திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸ் நண்பர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பூச்சிய எண்ணையும் தம் டிரைவரின் பட்டியலில் சேர்த்து, பெயரிழந்த சில்லும் வேலை செய்ய வழி செய்தார்கள். ஒரு டிரைவர் சாகடித்ததை மற்றொரு டிரைவர் எழுப்பி நடக்கவிட்டது.

அன்பர்களே! “அப்படியானால் எதையும் மாற்றவே கூடாதா? பழமையைக் கட்டிக்கொண்டு அழவேண்டியதுதானா?” என்று கேட்பீர்கள். நாம் அவ்வாறு சொல்லவில்லை. கள்வர் நுழையும் ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்புகள் உண்டு. அவற்றைத் தள்ளிப்போடுவது வீட்டுக் கதவைத் திறந்துவைத்து உறங்குவதற்கு ஒப்பாகும். குறுகிய பாதை அகலப்பாதை ஆனது நன்மையே. நாம் சொல்லுவது இதுதான்: மாற்றத்தின் பயனை அடைவோர் ஒருசாரார், அதன் விலையைக் கொடுப்போர் மற்றொருசாரார் என்று ஆகிவிடக் கூடாது. மாற்றுபவருக்குப் பழையதை வைத்திருப்பவரும் கண்ணில் பட வேண்டும்.

நம் ஊரைப் பொறுத்தவரை இது வெறும் தத்துவம் அன்று. இங்கே பல வீடுகளில் உள்ளது புத்தம் புதிய கணிப்பொறி அன்று. பெங்களூரிலிருந்து இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வந்தது. பிள்ளையின் படிப்பும் பெண்ணின் வேலைத் தேர்வும் அதனை நம்பியே இருக்கின்றன. அது நின்றுபோனால், “புதியது வாங்கு” என்று கடைக்காரர் எளிதில் சொல்லிவிடுவார். வாங்கும் வகை இருந்தால் பழையதை ஏன் வைத்திருக்கிறோம்? ஆகவே நாம் கைக்கொள்ள வேண்டிய சில நெறிகளைச் சொல்லி முடிக்க விரும்புகிறோம்.

முதலாவது: நின்றுபோன கருவியை உடனே பழிக்கவும் வேண்டா, எறியவும் வேண்டா. மற்றொரு கணிப்பொறியில் செருகிப் பாருங்கள். அங்கே ஓடினால் கருவி நலமே. கோளாறு டிரைவரிடம் இருக்கலாம்.

இரண்டாவது: கடைசியாக எந்த நாளில் ஓடிற்று, எந்த நாளில் கணிப்பொறி புதுப்பிக்கப்பட்டது என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பழுது பார்க்க வருபவருக்கு, “திடீரென்று நின்றுவிட்டது, தம்பி” என்பதைவிட, “செவ்வாய் வரை ஓடிற்று, அன்றிரவு புதுப்பித்துக்கொண்டது, புதன் காலை நின்றது” என்பது நூறு பங்கு உதவும்.

மூன்றாவது: விண்டோஸில் ‘டிவைஸ் மேனேஜர்’ என்னும் பகுதியில் அந்தக் கருவியைத் தேர்ந்து பார்த்தால், முந்தைய டிரைவருக்கே திரும்பச் செல்லும் ‘ரோல் பேக்’ என்னும் பொத்தான் இருக்கும். முந்தைய டிரைவர் சேமிப்பில் இருந்தால் அது வேலை செய்யும். லினக்சிலும் பெரும்பாலும் பழைய கெர்னல் ஒன்று அழியாமல் இருக்கும்; கணிப்பொறி தொடங்கும்போது அதனைத் தேர்ந்தெடுக்கலாம். நாம் முன்னர்ச் சொன்ன சேவை மையத்திலும் விபரமறிந்த இளைஞர் ஒருவர் வந்து பழைய டிரைவரை மீட்டு வைத்த பிறகே ரேகைக் கருவி உயிர்பெற்றது. ஆயினும் இது தற்காலிக மருந்தே. நோயை உரியவருக்குத் தெரிவிப்பதே நிலையான மருந்து.

நான்காவது: தெரிவியுங்கள். “நாம் எழுதி யார் கேட்கப் போகிறார்கள்?” என்னும் சோர்வுதான் நம்மவரின் பெரும்பகை. ஒரே ஒரு மடிக்கணிப்பொறிக்காரர் எழுதியதனால் உலகெங்கும் ஓடும் கெர்னலில் ஒரு மாற்றம் திரும்பப் பெறப்பட்டது என்பதை மறவாதீர்கள். அவர் எழுதாமல் இருந்திருந்தால், அவரைப் போன்ற மற்றவரும் தத்தம் வீட்டில் தத்தம் விதியை நொந்துகொண்டு இருந்திருப்பர்.

இறுதியாக, மாரிக்குப்பத்தில் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூர் சென்று நிரல் எழுதும் நம் தம்பிமாருக்கும் தங்கையருக்கும் ஒரு சொல். உங்கள் மேசையில் இருப்பது புதிய கணிப்பொறி. உங்கள் சோதனைச் சாலையில் இருப்பவை புதிய கருவிகள். அவற்றில் ஓடிற்று என்று மனநிறைவு கொள்ளாதீர்கள். சோதனைக்கென ஒரு பழைய கருவியையும் மேசையோரம் வைத்துக்கொள்ளுங்கள். “இந்தச் சில வரிகள் யாருக்கு வேண்டும்? இவை எதற்கென்றே தெரியவில்லையே!” என்று பழைய நிரலை அழிக்கக் கை ஓங்கும்போது சற்றே நில்லுங்கள். எங்கோ ஒரு வீட்டில், ஒரே ஒரு பழைய கருவி பேசுவதற்காகவே யாரோ ஒருவர் அந்த வரிகளை எழுதி வைத்திருக்கக்கூடும். காரணம் அறிந்த பிறகு அழியுங்கள். அழித்த பிறகு முறையீடு வந்தால் முகம் சுளிக்காமல் கேளுங்கள்.

2001ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் நம் சுரங்கம் மூடப்பட்டது. புதிய கணக்கில் பழைய ஊருக்கு இடமில்லை என்று சொல்லப்பட்டதைக் காதால் கேட்டவர்கள் நாம். ‘பழையது’ என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கப்படுவதன் வலி பிறரைவிட நமக்கு நன்றாகத் தெரியும். அந்த வலியை அறிந்த ஊரின் பிள்ளைகள் எழுதும் நிரலால், உலகின் எந்த மூலையிலும் ஓர் ஏழையின் கருவி ஓசையின்றி அடங்கிப்போகாமல் இருக்கட்டும். அதுவே நம் ஊருக்குப் பெருமை, தமிழுக்கும் பெருமை.